மறுகுரல் உபதேசியார்

தச்சநல்லூர்க் கடைத்தெருவில் ஞானையா உபதேசியார் வாயைத் திறந்தால், தெருக்கோடியில் கிழங்கு விற்கும் சுடலைவடிவு தராசைக் கீழே வைத்துவிடுவாள். "வந்துட்டாருய்யா இடிமுழக்கம். இனி நான் கூவி யாரு காதுல விழப் போகுது?" என்பாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. கடைத்தெருவின் மேலக்கோடியில் வாகைமரத்தடியில் நின்று அவர் பேசினால் கீழக்கோடியில் வண்டி மாடு காதைத் திருப்பும்.

ஆனால் அவர் பேசியது அவருடைய பேச்சு அல்ல. பாளையங்கோட்டையில் இருந்த துரை ஐயரின் பேச்சு. வெள்ளைக்கார மிஷனரியையும் அந்தக் காலத்தில் சபையார் ஐயர் என்றுதான் அழைத்தார்கள். துரை ஐயர் தமிழை இலக்கணமாகப் படித்தவர். குரல்தான் சன்னம். கடைத்தெரு இரைச்சலில் முதல் வரிசையைத் தாண்டாது. ஆகவே அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் ஞானையா அதே வாக்கியத்தைத் தெரு முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லுவார். பிறகு அடுத்த வாக்கியம். ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கக் கூடாது. இதுதான் துரை ஐயர் வகுத்த சட்டம். இருபது ஆண்டு இப்படியே நடந்தது. ஊரார் அவரை மறுகுரல் உபதேசியார் என்றார்கள். அவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞானையா மெஞ்ஞானபுரத்துக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் 1866-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் உபதேசியார் படிப்பு முடித்து, தச்சநல்லூருக்கு வெளியே இருந்த சின்னச் சபைக்கு வந்து சேர்ந்தார். மிஷன் கொடுத்த ஓட்டு வீடு. மனைவி பாக்கியவதி. பிள்ளைகள் இருவரில் மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் சிறுவயதிலேயே காலராவில் போனான். அந்த வாரம் முழுக்கத் துரை ஐயர் இவர்கள் வீட்டிலேயே தங்கி, பிள்ளையின் வாந்தியைத் தம் கையால் துடைத்தார். பாக்கியவதி அதை மறந்தவள் அல்ல. 1908 ஜூன் மாதம் பாளையங்கோட்டைப் பெரிய கோவிலில் அத்தியட்சராகிய பிஷப் கையால் ஞானையாவுக்குக் குருப்பட்டம் என்று முடிவாகியிருந்தது. உபதேசியார் என்றால் சபையில் ஜெபம் சொல்லலாம், பிரசங்கம் பண்ணலாம். ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுக்க முடியாது. அதற்காக இருபது ஆண்டு காத்திருந்தவர். பாக்கியவதி வெள்ளை அங்கிக்குத் துணி எடுத்துத் தைக்கவும் தொடங்கிவிட்டாள்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, குறுக்குத்துறையில் நோயாளி ஒருவருக்கு ஜெபம் பண்ணிவிட்டு ஞானையா ஆற்று மணல் வழியாகத் திரும்பினார். தைப்பூச மண்டபத்துக்கு எதிரே மணலில் பெரிய கூட்டம். தூத்துக்குடியிலிருந்து வந்த சுதேசிப் பேச்சாளர் ஒருவர் மணல் மேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தாமிரபரணிக் காற்று அவர் பேச்சை அள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போயிற்று. கடைசியில் நின்றவர்கள் எரிச்சலில் இருந்தார்கள்.

"என்னவே சொல்லுதாரு?"

"ஒதடு அசையுது. சத்தத்தைக் காணோம்."

"கப்பலுன்னாரு. கப்பல் மொதந்துச்சா முங்குச்சா, தெரியல."

ஞானையாவுக்குத் தெளிவாகக் கேட்டது. சன்னக் குரலைப் பிடித்துப் பிடித்துப் பழகிய காது அது. பேச்சாளர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில், இவர் யோசிப்பதற்கு முன்னால், வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

"நம்முடைய கடலில் நம்முடைய கப்பல் ஓடக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?"

மணல் முழுக்க அந்த வாக்கியம் விழுந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நீளச் சட்டையும் தலைப்பாகையும் குடையுமாக நின்றவரைக் கண்டு சிலர் சிரித்தார்கள். பிறகு கையைத் தட்டினார்கள். பேச்சாளர் தலைகளுக்கு மேலாகப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த வாக்கியத்தைச் சொல்லி, நிறுத்தி, காத்திருந்தார்.

அப்போதே ஞானையா போயிருக்கலாம். ஒருவர் சொல்லி நிறுத்திக் காத்திருக்கும்போது சும்மா நடந்துபோவது அவருக்கு வராத காரியம். அதையும் சொன்னார். கூட்டம் முடியும்வரை சொன்னார்.

தச்சநல்லூரில் அரிசி மண்டி வைத்திருந்த ஆவுடைநாயகம் பிள்ளை கூட்டத்தில் இருந்தார். கலைந்து போகையில் இவர் தோளைத் தட்டினார். "உபதேசியாரே, இத்தன வருசமும் இந்தத் தொண்டைய வெள்ளக்காரனுக்குல்லா வாடகைக்கு விட்டிருந்தீரு!"

"வாடகை இல்ல அண்ணாச்சி. ஊழியம்."

"ஊழியமோ என்னமோ. சொந்தக்காரன் எப்பம் குடிவரப் போறான்னு கேக்கேன்."

ஞானையா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வீட்டில் பாக்கியவதி கேட்டாள்: "காலெல்லாம் மணலு. எங்க போயிட்டு வாரிய?" நடந்ததைச் சொன்னார். அவள் ஊசியை நிறுத்தினாள்.

"பட்டம் வாங்கப் போற நேரத்துல இது நமக்கு வேணுமா?"

"வாய் தவறிட்டு, பாக்கியம்."

"வாய் தவறுனா ஒரு வார்த்தை தவறும். கூட்டம் முடியிற மட்டுமா தவறும்?"

ஞானையா விளக்கடியில் உட்கார்ந்தார். தாம் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வேதத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் முரணாகத் தெரியவில்லை. மனுஷர் எல்லாரும் ஒரே இரத்தத்தால் உண்டானவர்கள் என்று இதே வாயால் கடைத்தெருவில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனால், துரை ஐயரின் வராந்தாவில் துரைமார்களுக்கு நாற்காலி, உபதேசியார்களுக்குப் பாய். இருபது ஆண்டு அந்தப் பாயில் உட்கார்ந்தும், ஆற்று மணலுக்குப் பிறகுதான் அது பாய் என்று அவருக்கு உறைத்தது. அடுத்த கூட்டத்துக்கு வாய் தவறிப் போகவில்லை. தெரிந்தே போனார். அதற்கடுத்ததற்கும் போனார்.

மார்ச்சு மாதம் சுதேசித் தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைபட்டன, கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் சுடலைவடிவின் தங்கை மகனும் ஒருவன். மண்டியில் மூட்டை தூக்கியவன். அன்றைக்கு எதற்காக அந்தத் தெருவில் நின்றான் என்று யாருக்கும் தெரியாது. ஊர்வலம் பார்க்கப் போனான் என்பார்கள் சிலர். கல் எறிந்தான் என்பார்கள் சிலர். சுடலைவடிவு கிழங்குக் கூடையோடு வந்து உட்காருவாள், கூவுவது நின்றுபோயிற்று. கூட்டம் போடத் தடை. ஆற்று மணல் வெறுமையாகக் கிடந்தது.

ஏப்ரலில் துரை ஐயர் ஆள் அனுப்பினார். ஞானையா சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்குப் போனார். வராந்தாவில் பாய் விரித்திருந்தது. அவர் உட்காராமல் நின்றார்.

"ஞானையா, ஆற்று மணலில் நீர் பேசினீர் என்று போலீசார் எனக்குச் சொல்லுகிறார்கள்."

"பேசல ஐயா. ஒருத்தர் பேசுனாரு. நான் திருப்பிச் சொன்னேன்."

"யாருடைய உத்தரவின்பேரில்?"

"மொதல்ல வாய் பழக்கத்துல சொல்லிட்டு. பெறவு சொன்னதெல்லாம் என் உத்தரவு."

துரை ஐயர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலெக்டர் கச்சேரியில் கிறிஸ்தவர்களையும் சந்தேகப்படுகிறார்கள் என்றார். சபையின் பள்ளிக்கூடங்களை நினைக்க வேண்டும் என்றார். பிறகு காரியத்துக்கு வந்தார். வரும் புதன்கிழமை தச்சநல்லூர்க் கடைத்தெருவில் அவர் பிரசங்கம் பண்ணுவார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் என்பது பொருள். போலீசும் வரும். வழக்கம்போல ஞானையா மறுகுரல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் மறக்கப்படும், ஜூன் மாதம் பட்டம்.

"நான் சொல்லாட்டா?"

"நீர் சொல்லுவீர். இருபது ஆண்டு நான் உம்மை அறிவேன்."

வீட்டுக்கு வந்து பாக்கியவதியிடம் சொன்னார். அவள் அங்கித் துணியை மடித்துக்கொண்டே, "சொல்லிருங்களேன்" என்றாள். "நீங்க சொல்லாட்டாலும் அவரு சொல்லத்தான போறாரு."

"அவரு சொன்னா முன்னால நிக்க நாலு பேருக்குக் கேக்கும். நான் சொன்னாத்தான் தெருவுக்குக் கேக்கும். அதுக்குத்தான ஏளா என்னையக் கூப்பிடுதாரு."

"எம்புள்ள கெடந்தப்போ அந்த மனுசன் ஒக்காந்திருந்தாரு."

"மறக்கலையே. அதான் இன்னும் அவருகிட்ட இல்லன்னு சொல்லாம வந்துட்டேன்."

புதன்கிழமை கடைத்தெரு நிரம்பியிருந்தது. தடை வந்த பிறகு நடக்கும் முதல் கூட்டம். எந்தக் கூட்டமானாலும் போதும் என்று வந்திருந்தார்கள். ஏட்டு காந்திமதிநாதன் நான்கு போலீசாரோடு வாகைமரத்தின் நிழலை வளைத்துக்கொண்டு நின்றார். ஆவுடைநாயகம் பிள்ளை மண்டி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞானையாவைக் கண்டதும் அவர் முகம் திரும்பிற்று. "வாடகை வீடு வாடகை வீடுதாம்வே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், இவர் காதில் விழும்படி.

துரை ஐயர் தொடங்கினார். சமாதானம் பெரிய பாக்கியம் என்றார். ஞானையா சொன்னார். எல்லா அதிகாரமும் தேவனால் வருகிறது என்றார். ஞானையா அதையும் சொன்னார். ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு தலையை ஆட்டினார். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு துரை ஐயர் சொன்னார்:

"சென்ற மாதம் சுடப்பட்டு மரித்தவர்கள் தங்கள் பாவத்தினாலே மரித்தார்கள்."

நிறுத்தினார். காத்திருந்தார்.

ஞானையா கிழங்குக் கூடை இருந்த பக்கம் பார்த்தார். சுடலைவடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வாக்கியம் கேட்டிருக்காது. அவர் சொன்னால்தான் கேட்கும். தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துரை ஐயர் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். ஞானையா பேசவில்லை.

"என்னவே, உபதேசியார் தொண்டையில முள்ளு குத்திட்டோ?" என்றான் பின்னாலிருந்த ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

"சும்மா கெடலே மூதி" என்றாள் சுடலைவடிவு.

துரை ஐயர் தாமே உரக்கச் சொல்லப் பார்த்தார். குரல் உடைந்து இருமல் வந்தது. முன்வரிசையார் திகைத்து நின்றார்கள். பின்வரிசையில் "கேக்கல, கேக்கல" என்று எழுந்தது. ஏட்டு இரண்டடி முன்னால் வந்தார். "ஏய் உபதேசி, தொரை சொல்லுததைச் சொல்லும்."

"சொல்ல மாட்டேன், ஏட்டையா."

அதைத் தம் முழுக் குரலில் சொன்னார். வண்டிப்பேட்டை வரை கேட்டது. சிரிப்பு நின்றது. இனி நிறுத்த முடியாது என்று அவருக்கே தெரிந்தது. இருபது ஆண்டில் முதல் தடவையாக, அந்தக் கடைத்தெருவில் யாரும் சொல்லித் தராத வாக்கியம் வாயில் வந்தது.

"வேதத்துல ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லுதேன். ஒரு ராசா இருந்தான். அவன் அரமனைக்குப் பக்கத்துல நாபோத்துன்னு ஒரு குடியானவனுக்குத் திராட்சத் தோட்டம் இருந்துச்சு. ராசா கேட்டான், தோட்டத்தைக் கொடுன்னு. இது எங்க அப்பன் பாட்டன் மண்ணு, தர மாட்டேன்னுட்டான் நாபோத்து. ராசா வீட்டு அம்மா பொய்ச்சாட்சி ரெண்டு பேரைப் புடிச்சா. இவன் தேவனையும் திட்டுனான், ராசாவையும் திட்டுனான்னு சொல்ல வச்சா. ஊருக்கு வெளிய கொண்டுபோயி கல்லெறிஞ்சு கொன்னாங்க. ராசா தோட்டத்துக்குள்ள எறங்குனான்."

ஏட்டு மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"அங்கன தேவன் ஆளனுப்பி ராசாகிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. கொலையும் பண்ணிட்டு மண்ணையும் எடுத்துக்கிட்டியோன்னு கேட்டாரு. நாபோத்து அவன் பாவத்துல செத்தான்னு தேவன் சொல்லல. ராசாவோட ஆளுகதான் சொன்னாங்க. நான் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். இந்தத் தெருவுல புள்ளையப் பறிகுடுத்தவ இருக்கா. அவ மொகத்தைப் பாத்து நான் சொல்ல மாட்டேன்!"

சுடலைவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தங்கை மகன் செத்த அன்று அழாதவள், நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒருவரும் கையைத் தட்டவில்லை. பிள்ளை மட்டும் மண்டி வாசலை விட்டு இறங்கி வெயிலில் வந்து நின்றார்.

ஏட்டு துரை ஐயரிடம் போய்க் குனிந்தார். "தொரை, புடிச்சிரட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

துரை ஐயரின் முகம் வெளுத்திருந்தது. "அவர் சொன்னது வேதத்தில் உள்ளது. அதற்காக ஒருவனைப் பிடித்துக் கொடுக்க நான் இந்தத் தேசத்துக்கு வரவில்லை" என்றார். பிறகு ஞானையாவைப் பார்த்தார். "நாளைக்கு வீட்டுச் சாவியைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவாரும்."

"சரி ஐயா" என்றார் ஞானையா. கும்பிட்டார். அதில் கேலி இல்லை.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் பாக்கியவதி. துரை ஐயரிடம் அவள் பேசியது ஒன்றுதான். "நீங்க எங்க வீட்டுல செஞ்சதுக்கு நான் சாகுற மட்டும் ஜெபம் பண்ணுவேன். எம்புருசன் சொன்னதுக்கு மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்." அவர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

பிள்ளை மண்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். "வெளியூர்ப் பேச்சாளர்க வாராக. தடை நீங்குனதும் நீரு கூட நின்னு சொல்லும். சாப்பாட்டுக்கு நான் ஆச்சு."

"இருக்க எடம் குடுத்தீரு, வாங்கிக்கிடுதேன். அதை மட்டும் கேக்காதீரும் அண்ணாச்சி. இனி யாருக்கும் மறுகுரல் இல்ல. வெள்ளக்காரனுக்கும் இல்ல, உமக்கும் இல்ல."

"நல்ல மனுசன்வே நீரு! நான் உம்ம கச்சி."

"நான் சொல்லுதது சரின்னு பட்டா நீரு என் கச்சி."

பிள்ளைக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து மண்டியில் அளவு சொல்ல ஆள் வேண்டும் என்றார். நெல் அளக்கையில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பது வழக்கம். அன்று முதல் காலையில் ஞானையா "லாபம்" என்று குரல் கொடுத்தால் கடைத்தெரு விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

புதன்கிழமை தவறாமல் வாகைமரத்தடிக்குப் போனார். முதல் புதன் ஏட்டு மறித்தார். "கூட்டம் போடப்படாது, தெரியும்லா?"

"கூட்டம் எங்க இருக்கு? நான் ஒருத்தன்லா நிக்கேன்."

"நீரு வாயத் தொறந்தா கூட்டம் தன்னால வருமே."

"அப்பம் வாரவங்களப் புடியும். நான் என்ன செய்யட்டும்?"

ஏட்டு சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். ஸ்டேஷனுக்குப் பலமுறை கூட்டிப்போனார்கள். இரண்டு தடவை நன்னடத்தை ஜாமீன் கேட்டார்கள். ஒரு தடவை கொடுக்க மறுத்து உள்ளே இருந்தார். வெளியே வந்த வாரமே வாகைமரத்தடியில் நின்றார். ஒரு ஜனத்தையே அடிமையாக்கிய பார்வோன் ராஜாவைச் சொன்னார், அவர்கள் வெந்த செங்கல் சூளையைச் சொன்னார், அவர்கள் தப்பிப் போகக் கடல் பிளந்ததைச் சொன்னார். சபையில் பாதிப் பேர் அவரைக் கண்டால் தெருவை மாற்றினார்கள். கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அங்கே ஜெபம் சொல்ல அவரை யாரும் எழுப்பவில்லை. ஆனால் கடைத்தெருவில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள் அவரைக் கண்டு எழுந்து நின்றார்கள்.

1912-இல் துரை ஐயர் உடம்பு முடியாமல் சீமைக்குப் போனார். புறப்படும் முன் ஒருநாள் மண்டிக்கு வந்து, மூட்டை மேல் உட்கார்ந்து, ஞானையாவோடு காபி குடித்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்பதை ஞானையா யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்த புதிய துரை, பழைய வழக்கை முடிக்க விரும்பினார். நாட்டுக் குருவானவர் வேதநாயகம் ஐயரைத் தூது அனுப்பினார். வேதநாயகம் ஐயரும் ஞானையாவும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"ஞானையா, நல்ல காலம் வந்துட்டு. இன்னமும் பட்டம் கெடைக்கும். ஒண்ணே ஒண்ணு செய்யணும்."

"என்ன?"

"அதே கடைத்தெருவுல தொரை ஒரு வாக்கியம் சொல்லுவாரு. அன்னைக்குப் பேசுனது தப்புன்னு. நீ அதைத் திருப்பிச் சொன்னாப் போதும். ஒரே வாக்கியம்."

பாக்கியவதி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுச் சத்தம் நின்றது. பட்டத்தை அவரைவிட அதிகமாக விரும்பியவள் அவள். ஞானையா அவள் பக்கம் பார்த்தார்.

"என்னய எதுக்குப் பாக்கிய?" என்றாள். "கேட்டவருக்குப் பதிலச் சொல்லுங்க."

ஞானையா வேதநாயகம் ஐயர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் புதன்கெழமை. நான் வாகைமரத்தடியில நிப்பேன். தொரையை வரச் சொல்லும். நாபோத்து கதையை நான் சொல்லுதேன். அவரு திருப்பிச் சொல்லட்டும். ஒரு வார்த்தை கூட்டப்படாது, ஒரு வார்த்தை கொறைக்கப்படாது."

"எலே, கிறுக்கா உனக்கு? அவரு தொரைலே!"

"அதான்வே. தொரை சொன்னாத்தான் தொரைமாருக்குக் கேக்கும்."

வேதநாயகம் ஐயர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பாளையங்கோட்டை வண்டியில் ஏறினார். மறுநாள் வாகைமரத்தடிக்குத் துரை வரவில்லை. போலீசு வந்தது. வெயில் தாழ்ந்ததும் ஞானையா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். பாக்கியவதி மண்டிக் கதவைச் சாத்திவிட்டு, கூடவே போய், முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.